பங்குக் கிணற்றுக்குத் தானாகப் போன காசு

கொக்குவில் கிழக்கு,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மருமகன் நிருஷன் அவர்களுக்கு,

உங்கள் மாமி குணலட்சுமி எழுதுவது. நான் எவருடைய கிணற்றையும் பிடிக்கவில்லை. பிடிக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ரொறன்ரோவில் ஒரு சாமத்தியச் சடங்கில் சாப்பாட்டு வரிசையில் நின்ற யாரோ ஒருவர், "உங்கடை அம்மா ஊரிலை மூண்டு வீட்டுப் பங்குக் கிணத்தைத் தன்ரை பேரிலை எழுதப் பாக்கிறாவாம்" என்று என் மகள் ஆரணியிடம் சொன்னதாகவும், அவள் அன்று சாப்பிடாமலே வீடு திரும்பியதாகவும் தொலைபேசியில் அறிந்தேன். அந்த யாரோ ஒருவரை மறுபடி கண்டால் இதைச் சொல்லுங்கள்: அந்தக் கிணற்றில் மூன்றிலொரு பங்கு எனக்கு ஏற்கெனவே உண்டு, அது என் சீதனக் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மிச்சம் இரண்டு பங்கையும் பிடித்து இந்த வயதில் நான் என்ன செய்வது, நீந்திப் பழகவா?

அதைத் திருத்திவிட்டதால் இனி முறைப்படி சுகம் விசாரிக்கிறேன். நீங்களும் ஆரணியும் பிள்ளைகளும் நல்ல சுகத்துடன், குளிருக்குப் போதிய கம்பளி உடுப்புகளுடன் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை. சுகம் விசாரிக்காமல் நேரே விடயத்துக்குப் போவது கடன் கேட்பவர்கள் செய்யும் வேலை என்று பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். இன்று நான் முதற்பந்தியிலேயே அந்த விதியை மீறியிருக்கிறேன் என்றால், விடயம் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கு விளங்க வேண்டும். இன்னொன்று, மருமகனில் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆகவே கீழே வருவதைக் குறை என்று எடுக்காமல், நடந்தவற்றின் விளக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் வந்து நின்றபோது ஒருநாள் நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமி, கரண்ட் பில்லைத் தாங்கோ, இனி நீங்கள் வெயிலுக்கை போய் வரிசையிலை நிக்கத் தேவையில்லை. மாதாமாதம் உங்கடை கணக்கிலை இருந்து தானாப் போகும்" என்று அன்பாகச் சொன்னீர்கள். "மேசையிலை கிடக்குத் தம்பி, எடுங்கோ" என்று நானும் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியை விட்டு வர முடியாத நேரம். மேசையில் இரண்டு பில் துண்டுகள் கிடந்தன. ஒன்று நமசிவாயம் என்ற பெயரில். மற்றது நாகலிங்கம் என்ற பெயரில். நாகலிங்கம் என்பது ஆரணியின் அப்பா (அவருடைய பெயரை நான் வாயால் சொல்வதில்லை, இது உத்தியோக விடயம் என்பதால் எழுதுகிறேன்). நீங்கள் மாமனாரின் பெயரைக் கண்டதும், இதுதான் வீட்டுத் துண்டு என்று முடிவெடுத்து, அதன் இலக்கத்தைப் பதிந்துவிட்டீர்கள். கனடாவில் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் இது கொக்குவில். வீடு என் சீதனம், ஆகவே வீட்டு மீற்றர் இன்றைக்கும் என் தகப்பனார் நமசிவாயம் பெயரில் இருக்கிறது. அவர் காலமான பின் பெயர் மாற்ற வேண்டும் என்று நாங்கள் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பேசிக்கொள்வோம். நாகலிங்கம் என்ற பெயரில் வருவது கிணற்றடி மோட்டருக்கான துண்டு. மூன்று வீட்டுக்கும் பொதுவான மோட்டருக்கு இணைப்பு எடுக்க வேண்டி வந்தபோது, வரிசையில் நிற்க ஆம்பிளைகளில் அவர் ஒருவருக்குத்தான் பொறுமை இருந்தது. அதனால் அவர் பெயரில் எடுத்தார்கள். அன்று என் முறை என்பதால் அந்தத் துண்டு என் மேசையில் கிடந்தது.

முறை என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும், நீங்கள் பருத்தித்துறைப் பக்கம், அங்கே கிணறும் வேறு வழக்கமும் வேறு. எங்கள் கிணறு மூன்று வளவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் நான். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் பொன்னம்பலத்தார், மனைவி போன பின் தனியே இருக்கிறார். மூன்றாவது பக்கம் உதயகலா, பூங்கன்று வளர்த்து விற்கிற பிள்ளை. மோட்டருக்கான காசை ஒரு மாதம் அவர், ஒரு மாதம் அவள், ஒரு மாதம் நான் என்று கட்டுவோம். கட்டியவர் பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் மற்ற இரு வீட்டுக்கும் காட்ட வேண்டும். காட்டப் போனால் தேத்தண்ணி தருவார்கள். தேத்தண்ணி குடித்தால் சண்டை வரும். உதயகலாவின் குரோட்டன் கன்றுகள் கூடக் குடிக்கின்றன என்று பொன்னம்பலத்தார் சொல்வார். ஐயா தொட்டி நிரம்பி வழிந்தபிறகும் மோட்டரை நிப்பாட்டுவதில்லை என்று அவள் சொல்வாள். நான் இருவருக்கும் நடுவில் நீதி சொல்வேன், இருவரும் கேட்கமாட்டார்கள். இப்படியே மாதம் ஒருமுறை ஒழுங்காகச் சண்டை பிடித்து நாங்கள் மிக ஒற்றுமையாக இருந்தோம்.

நீங்கள் விமானம் ஏறிய பின் எனக்கு வந்த சௌகரியத்தை மறைக்கமாட்டேன். குடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர் என் பிடரியில் இருமவில்லை. சில்லறை இல்லையோ அம்மா என்று எவரும் முகம் சுளிக்கவில்லை. நான் புட்டு அவித்துக்கொண்டிருக்க, தொலைபேசி ஒருமுறை கிணுங்கும், காசு போய்விட்டது என்று செய்தி வரும், நான் ஒரு தேசாதிபதியின் மனைவியைப் போல அடுத்த குழலை அடுப்பில் வைப்பேன். தொகை முன்னையைவிடக் குறைவாக இருந்ததைக் கவனித்தேன். கனடா மருமகன் கட்டினால் மின்சாரக் கந்தோரும் ஒரு மரியாதைக்குக் குறைத்துப் போடுகிறது போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த துண்டுகளை, என் முறைக்கு வந்த மோட்டர்த் துண்டையும் சேர்த்து, மடிப்புக் குலையாமல் மேசை லாச்சியில் வைத்தேன், ஏனென்றால் "மாமி, இனி உந்தத் துண்டைப் பாக்கவே தேவையில்லை" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஒருமுறை துண்டு சிவப்பு நிறத்தில் வந்தது. அதையும் பார்க்கவில்லை. மருமகன் சொல்லைத் தட்டுவது எங்கள் வழக்கமில்லை. போதாததற்குக் கோயில் வீதியில் பெண்களிடம், "என்ரை பில்லெல்லாம் தானாப் போகுது, எல்லாம் எங்கடை மருமகன் செய்த ஒழுங்கு" என்று இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் சொன்னேன். மூன்றாவது மாதமும் சொல்லியிருப்பேன், ஆனால் அதற்குள் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஏன் இல்லாமல் போனது என்றால், அடுத்த மாதம் பொன்னம்பலத்தாரின் முறை. அவர் மோட்டர்த் துண்டோடு போனால், இது கட்டியாகிவிட்டதே என்று கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள். அவர் மகிழ்ச்சியாகத் திரும்பி வந்து வாயைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் உதயகலா போனாள், அவளுக்கும் அதே பதில். அவளும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் எனக்குப் பற்றுச்சீட்டு காட்ட வரவில்லை. நான் வலியப் போய்க் கேட்பது எனக்கு அழகில்லை என்று பேசாமல் இருந்தேன். கடைசியில் அவர்கள் இருவரும் மதிலடியில் சந்தித்துப் பேசியபோது உண்மை வெளிப்பட்டது, அதாவது அவர்கள் உண்மை என்று நினைத்தது. துண்டு நாகலிங்கம் பெயரில், காசு தானாகப் போகிறது, தன் பில்லெல்லாம் தானாகப் போகிறது என்று கோயிலடியில் சொன்னது நான். ஆகவே நான் இரகசியமாகத் தனியே கட்டிக்கொண்டு வருகிறேனாம். எதற்காகக் கட்டுவாள்? கிணற்றுக்கு உரிமை கொண்டாடத்தான்! எங்கள் ஊரில் ஒருவர் மற்றவருடைய கடனைக் கட்டினால் சனம் நன்றி சொல்லாது, உறுதியைத் தூசு தட்டி எடுக்கும்.

அதன் பிறகு நடந்தவற்றை நான் அன்று விளங்கிக்கொள்ளவில்லை. பொன்னம்பலத்தார் கிழமைக்கு இரண்டு தரம் குளிக்கும் மனிதர், திடீரென்று காலையும் மாலையும் கிணற்றடியில் நின்று, ஒழுங்கை முழுவதும் கேட்கத் தேவாரம் பாடிக்கொண்டு குளிக்கத் தொடங்கினார். போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்து, "பாத்தியளோ, நான் இஞ்சை குளிக்கிறன்" என்று சாட்சி வைத்தார். வயது போன காலத்தில் சுத்தம் வந்திருக்கிறது என்று நான் அகமகிழ்ந்தேன். உதயகலா கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றபடி விதம்விதமாகப் படம் எடுத்துத் தன் தொலைபேசியில் எல்லோருக்கும் அனுப்பினாள். பூங்கன்று விளம்பரமாக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் பார்த்தால் மோட்டர்ப் பெட்டியில் ஒரு பெரிய ஆமைப்பூட்டுத் தொங்குகிறது. திறப்பு பொன்னம்பலத்தாரின் பூணூலில்... மன்னிக்கவும், அவர் பூணூல் போடுகிறவர் அல்ல, அரைஞாண்கொடியில். என் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. திறப்பைத் தா என்று கேட்டால் அவருடைய உரிமையை நான் ஒத்துக்கொண்டதாக ஆகும் என்று உடனே விளங்கியது. அதனால் கப்பியில் வாளியைக் கட்டி நானே அள்ளினேன். முழங்காலைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் போன கிழமையே வெளிச்சமும் போனது. என் பள்ளித் தோழியின் பேத்திக்குக் கலியாணம். நான் காஞ்சிபுரம் சேலையை மேசையில் விரித்து மின்னழுத்தியால் சுருக்கம் போக அழுத்திக்கொண்டிருந்தேன், பாதியில் அழுத்தி குளிர்ந்துவிட்டது. வெளியே ஏணியோடு இரண்டு பேர்.

"அம்மா, நமசிவாயம் ஐயா காசு கட்டேல்லை."

"அவர் எப்பிடிக் கட்டுவார்? அவர் மோசம் போய்க் கனகாலம்."

"அப்ப ஆர் கட்டுறது?"

"என்ரை மருமகன் கட்டுறார். கனடாவிலை இருந்து."

"அப்ப கனடாவிலை லைற் எரியும் அம்மா," என்றான் ஏணிக்காரன், சிரிக்காமல்.

அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மரியாதையான பிள்ளைகள். பாதி அழுத்திய சேலையையே கட்டிக்கொண்டு நேரே மின்சாரக் கந்தோருக்குப் போனேன். அங்கேதான் நடந்தது எல்லாம் தெரிந்தது. வீட்டுக் காசை அபராதத்தோடு கட்டினேன், பின்னேரமே வெளிச்சம் வந்துவிடும் என்றார்கள், வந்தது. ஆனால் அதற்கு முன், காசு வாங்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிள்ளை நான் லாச்சியிலிருந்து எடுத்துக்கொண்டு போன துண்டைப் பார்த்த மாத்திரத்தில், "அம்மா, இது மோட்டர்ப் பில்லெல்லே, வீட்டுப் பில் எங்கை?" என்று கேட்டாள். ஒரு வசனம்தான். உங்கள் தானாகக் கட்டும் ஏற்பாடு இத்தனை மாதமாக அந்த ஒரு வசனத்தைக் கேட்கவில்லை. அதற்கு வெயில் இல்லை, இருமல் இல்லை, ஆனால் கண்ணும் இல்லை.

திரும்பி வரும்போது கிணற்றடியில் இருவரும் நின்றார்கள். நான் கலியாணத்துக்கும் போகவில்லை, தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

"வா பிள்ளை குணம்," என்றார் பொன்னம்பலத்தார். "எங்கை போட்டு வாறாய்? சீலை ஒரு பக்கம் கலியாண வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு, மற்றப் பக்கம் செத்த வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

"அதை விடுங்கோ அண்ணை. மோட்டருக்குப் பூட்டு ஏன்?"

"பாதுகாப்புக்கு."

"ஆரிட்டை இருந்து?"

அவர் ஆகாயத்தைப் பார்த்தார். உதயகலா ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டு சொன்னாள்: "அன்ரி, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு ஆள் தனியப் பத்து வருஷம் கட்டிக்கொண்டு வந்தா கிணறு அவைக்குத்தானாம் எண்டு ஐயா சொல்லுறார்."

"பத்து வருஷத்திலை எனக்கு என்ன வயசு வரும் எண்டு ஐயா யோசிச்சவரோ?"

"நீ இருப்பாய் பிள்ளை," என்றார் பொன்னம்பலத்தார். "உன்ரை பிடிவாதத்துக்கு நீ இருப்பாய்."

அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு, இது ஒரு பிழை, வேண்டுமென்று செய்ததல்ல என்று சொன்னேன்.

"பிழையோ? ஆர் விட்ட பிழை?" என்று அவர் உடனே பிடித்தார். "ரொறன்ரோவிலை பெரிய கொம்பியூற்றர் இஞ்சினியர், அவர் தொட்டா எல்லாம் ஓடும் எண்டு ஊர் முழுக்கச் சொன்னது நீதானே. அப்பிடிப்பட்ட ஆள் ஒரு லைற் பில்லை மாறிக் கட்டுவாரோ?"

மருமகன், கிணற்றுக் கட்டில் இருந்த என் வாளியை எடுத்துக்கொண்டு இரண்டு பதிலையும் மனதில் நிறுத்துப் பார்த்தேன். ஓம், அவர்தான் மாறிக் கட்டினவர் என்று சொன்னால், நான் கிணறு பிடிப்பவள் அல்ல என்பது நிரூபணமாகும், ஆனால் என் மகளுக்கு நான் தேடிக் கட்டிவைத்த மாப்பிள்ளைக்கு ஒரு துண்டு வாசிக்கத் தெரியாது என்றாகிவிடும். சொல்லாமல் விட்டால் உங்கள் பெயர் பத்திரம், ஆனால் நான் கள்ளி. நீங்களே சொல்லுங்கள், ஒரு கைம்பெண்ணிடம் வீட்டையும் காணியையும் விடப் பெரிதாக இருப்பது என்ன? இவ்வளவு காலமும் ஒருவரிடமும் ஒரு சுண்டு அரிசி கடன் வாங்காமல் வைத்திருந்த பெயர் அது. கடைசியில், "எழுத்திலை காட்டுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியோடு என் வளவுக்குள் வந்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: மோட்டருக்குப் போகும் காசை உடனே நிறுத்தவும். வீட்டுக் காசைத் தானாக அனுப்பவும் வேண்டாம், நான் பழையபடி குடையோடு போய் வரிசையில் நின்று கட்டுவேன், பிடரியில் இருமினாலும் பரவாயில்லை. அத்துடன் ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். அதில் பிழை என்ற சொல் வரக்கூடாது. "என் மாமனாரின் பெயரைக் கண்டதும் அவர்மேல் உள்ள மரியாதையினால் அந்தத் துண்டையே முதலில் தெரிவு செய்தேன்" என்று எழுதினால் போதும். உங்களுக்கும் குறைவில்லை, எனக்கும் பழியில்லை. ஆரணியின் அப்பாவுக்கும் மேலே இருந்து கேட்கச் சந்தோஷமாக இருக்கும்.

நீங்கள் எல்லோரும் ஆயுளும் ஆரோக்கியமும் பெற்று, பனியில் வழுக்கி விழாமல், நல்லூரான் காவலில் இருக்க வேண்டுகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு. ஆரணியைச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மதிப்பில் என்றும் குறையாத மாமி,
குணலட்சுமி நாகலிங்கம்

பிற்குறிப்பு (ஒட்டிய உறையை மறுபடி பிரித்து எழுதுவது): மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு முத்திரை வாங்கப் புறப்பட்டேன், ஒழுங்கையில் பொன்னம்பலத்தார் மறித்தார். "பிள்ளை, ஒருக்கா நில். கண்ணாடி கொண்டு வரேல்லை, இதிலை என்ன கிடக்கு எண்டு வாசி" என்று தொலைபேசியை நீட்டினார். நான் வாசித்தேன். நோர்வேயில் இருக்கும் அவருடைய மகன் எங்கள் மோட்டருக்குக் காசு கட்டியிருக்கிறான். "தானாப் போகும். மாதாமாதம்," என்றார், வாசிக்கத் தெரியாதவர் போல் அல்ல. மதிலுக்கு மேலால் உதயகலாவின் தலை தெரிந்தது: "எங்கடை லண்டன் தம்பி போன மாதமே போட்டிட்டார், அன்ரி. நான்தான் சொல்லேல்லை." தங்கள் பங்கு போய்விடும் என்ற பயத்தில் இருவரும் செய்த வேலை! அங்கேயே ஒரு ஓட்டோ பிடித்து மூவரும் கந்தோருக்குப் போனோம். அந்தக் கண்ணாடிப் பெட்டிப் பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, இந்த மோட்டருக்கு இனிக் கனகாலம் எவரும் காசு கட்டத் தேவையில்லை, இரண்டு பேர் நிப்பாட்டுங்கோ என்றாள். "மற்றவை நிப்பாட்டட்டும்" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். இவ்வளவு மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விடயம் அது. திரும்பி வந்ததும், மூவரும் கட்டினால் எவருக்கும் தனி உரிமை இல்லை என்று பொன்னம்பலத்தார் பூட்டைத் திறந்தார், தண்ணீர் ஏறியது, என் வீட்டில் தேத்தண்ணி குடித்தோம், குரோட்டன் கன்றுகளைப் பற்றி மிக நல்ல சண்டை ஒன்று நடந்தது. போகும்போது பொன்னம்பலத்தார் வாசற்படியில் நின்று, "என்ரை பெடியன்ரை காசு மாதம் பிறந்த அண்டைக்கே போயிடும்" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். ஆகவே மோட்டருக்குப் போகும் காசை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது, அவர்கள் நிறுத்தும்வரை நாங்கள் நிறுத்துவதில்லை. முடிந்தால் அது முந்தின மாதக் கடைசி நாளிலேயே, அவருடைய மகனின் காசுக்கு முன்னால், போய்ச் சேர ஒழுங்கு செய்யவும். வீட்டுக் காசையும் தானாகவே போகும்படி போடவும், வெயில் சரியில்லை. பெயர் நமசிவாயம். விளக்கக் கடிதம் இனித் தேவையில்லை, ஆனால் மோட்டர்க் காசை நிறுத்தமாட்டீர்கள் என்பதை உறுதிக் கட்டோடு வைக்க எனக்கு எழுத்தில் வேண்டும். தொலைபேசிச் செய்தியாக அனுப்பாமல், தாளில் எழுதி, கையெழுத்து வைத்து, தபாலில் பதில் அனுப்பவும்.